மலைக்கு ஏற்ற துப்பாக்கி

மதுரையில் ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, திருமங்கலத்தையும் டி. கல்லுப்பட்டியையும் தாண்டிக் கிருஷ்ணன்கோவிலில் இறங்குகிறீர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். உங்கள் கண்ணில் முதலில் படுவது எது? மலை என்பீர்கள். மேற்கே பாதி வானத்தை அடைத்துக் கொண்டு மலை நிற்கத்தான் நிற்கிறது. ஆனால் நான் போய் இறங்கிய அன்று என் கண்ணில் முதலில் பட்டவை மூட்டைகள்தாம்!

மறுநாள் அமாவாசை. சதுரகிரி சுந்தர மகாலிங்கத்தைத் தரிசிக்க வந்தவர்கள் இங்கே பஸ் மாறி, வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறை அடிவாரத்துக்குப் போவதற்காகக் காத்திருந்தார்கள். ஓர் அம்மாளின் கையில் மூன்று பைகள். ஒன்றிலிருந்து பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று தலையை நீட்டி வெளியே பார்த்தது.

"மலை மேலே விளக்கு இருக்காதா அம்மா?" என்று கேட்டேன்.

"இருக்கும். ஆனா நம்ம விளக்கு மாதிரி வருமா?" என்றார் அந்த அம்மாள்.

பக்கத்தில் நின்ற அவருடைய கணவர் விளக்கையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தார். யார் அதைத் தூக்கிக்கொண்டு ஏறப் போகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது!

மலை ஏறிப் பாருங்கள். அடிவாரத்தில் ஒரு படி அரிசியாக இருந்தது, பாதி வழியில் ஒரு மரக்காலாகக் கனக்கும். இந்தச் சங்கதி பக்தர்களுக்கு மட்டும் உரியதல்ல. ஒரு காலத்தில் இதே மலைகளில் வேட்டைக்குப் போனவர்களுக்கும் இதே தலைவேதனை இருந்தது. மலைக்கு எந்தத் துப்பாக்கியை எடுத்துப் போவது, எந்தத் தோட்டாவைப் போடுவது என்று அவர்கள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக் கொண்டார்கள். அந்தக் கதையைக் கேட்கத்தான் நான் கிருஷ்ணன்கோவிலுக்கு வந்தேன்.

குடும்பப் பத்திரிகையில் துப்பாக்கியா என்று முகம் சுளிக்காதீர்கள். இது துப்பாக்கியே இல்லாத துப்பாக்கிக் கதை. அதைச் சொன்னவரும் ஒரு பாட்டியம்மாள்.

இரண்டு கொக்கிகள்

மெயின் ரோட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஓட்டு வீடு. வாசலில் பால் போல வெள்ளையாக, ரோஜா நிற மூக்கோடு ஒரு ராஜபாளையம் நாய். காட்டுப் பன்றி வேட்டைக்குப் பேர்போன ஜாதி இது. 2005-ல் நம் தபால் இலாகா இதன் படத்தைத் தபால் தலையில் போட்டுக் கௌரவித்தது. வாசலில் இருந்த நாய் தன் பெருமையை உணர்ந்ததாகத் தெரியவில்லை. ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் தூங்கிவிட்டது.

அம்மாளுக்கு வயது எண்பதுக்கு மேல். கணவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. கூடத்துச் சுவரில் அவர் படம், மாலை. அதற்குக் கீழே இரண்டு இரும்புக் கொக்கிகள் வெறுமனே நின்றன.

"அங்கேதான் மாட்டியிருக்கும். இப்போ மதுரையிலே கடைக்காரர்கிட்ட இருக்கு" என்றார் அம்மாள்.

அவருடைய மாமனார் காலத்தில் வீட்டில் இருந்தது வேறொரு துப்பாக்கி. இரட்டைக் குழல். காட்டெருமைக்கென்று வாங்கிய .470 ரகம். சுமார் 11 பவுண்டு, அதாவது 5 கிலோ எடை. "அதைத் தூக்க ஒரு ஆள். மேலே போனதும் மாமாவைத் தூக்க இன்னொரு ஆள்!" என்று சிரித்தார் அம்மாள்.

மகன் அந்தக் கனத்தை வேண்டாம் என்றார். அவர் ஆசைப்பட்டது வரையாடு. வரையாடு நிற்கும் இடம் மலையின் உச்சிப் பாறை. சீமைக்குத் திரும்பிக் கொண்டிருந்த ஒரு தோட்டத் துரையிடமிருந்து .275 ரக ரைபிள் ஒன்றை அவர் விலைக்கு வாங்கினார். எடை 7 பவுண்டுக்குப் பக்கம். மூன்று கிலோவும் சொச்சமும். 1962-ல் அம்மாள் கல்யாணமாகி வந்தபோது கூடத்துச் சுவரில் தொங்கியது அதுதான். "எனக்கு முன்னாடி வந்த மூத்தாள்" என்றார்!

ஒரு பவுனும் ஒரு கிராமும்

ஏன் அந்த .275? இங்கே கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். பயப்பட வேண்டாம், நகைக்கடைக் கணக்குத்தான்.

.470 துப்பாக்கியின் குண்டு 500 கிரெயின்; சுமார் 32 கிராம். அதாவது நாலு பவுன். .275 ரைபிளின் குண்டு 140 கிரெயின், 9 கிராம். ஒரு பவுனுக்கு மேல் ஒரு கிராம், அவ்வளவுதான். குண்டு சிறியது, ஆனால் ஒலியைவிட இரண்டு மடங்குக்கும் அதிக வேகத்தில் போகும். வேகமாகப் போவதால் வழியில் அதிகம் தாழாது. ஒரு பாறையில் நின்றுகொண்டு, நடுவில் பள்ளத்தாக்கு இருக்க, எதிர்ப் பாறையைக் குறி பார்க்கிறவருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

துப்பாக்கி லேசாக இருந்தால் நல்லதென்று குண்டையும் வேகத்தையும் இஷ்டத்துக்குக் கூட்டிவிட முடியாது. சின்ன ஓடத்திலிருந்து கரைக்குத் தாவிப் பாருங்கள். நீங்கள் முன்னால் போனால் ஓடம் பின்னால் போகும். பெரிய படகானால் அசையாது. துப்பாக்கியும் அப்படித்தான். லேசான துப்பாக்கியில் பெரிய தோட்டாவைப் போட்டால் அது சுடுகிறவரின் தோளை உதைக்கும். இரண்டு தடவை உதை வாங்கியவர், மூன்றாம் தடவை விசையைத் தொடும்போதே கண்ணை மூடிக் கொள்வார். குறி எங்கே உருப்படும்? ஆகையால் லேசான துப்பாக்கிக்கு மிதமான தோட்டா. இதுதான் மலை வேட்டையின் முதல் பாடம்.

சரிவு இன்னொரு வில்லங்கம். மேலே பார்த்துச் சுட்டாலும் சரி, கீழே பார்த்துச் சுட்டாலும் சரி, சமதரைப் பழக்கத்தில் சுட்டால் குண்டு குறிக்கு மேலேதான் போகும். குண்டு எவ்வளவு தாழும் என்பதைத் தீர்மானிப்பது சரிவின் நீளம் அல்ல. அந்தச் சரிவைத் தரையில் படுக்க வைத்த நீளம். அது எப்போதும் குறைவுதானே! இதை அறியாமல் ஆட்டின் தலைக்கு மேலே ஆகாயத்தைச் சுட்டுவிட்டு வந்தவர்கள் ஏராளம்.

இந்த .275 தோட்டாவின் பூர்வீகம் ஜெர்மனி. மௌசர் என்ற கம்பெனி பட்டாளத்துக்காகச் செய்த 7 மில்லிமீட்டர் தோட்டா அது. 7 மில்லிமீட்டரை அங்குலத்தில் எழுதினால் .275. தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போயர் யுத்தத்தில் போயர் விவசாயிகள் இதைக் கொண்டு பிரிட்டிஷ் படையைத் திணற அடித்தார்கள். அடி வாங்கிய பிற்பாடு இங்கிலீஷ்காரருக்கும் இதன் மேல் மோகம் வந்துவிட்டது. லண்டன் ரிக்பி கம்பெனி மௌசர் அமைப்பில் வேட்டை ரைபிள்களைச் செய்து விற்றது. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்கு 1907-ல் பரிசாகக் கிடைத்தது ஒரு .275 ரிக்பிதான். ருத்ரப்பிரயாகைச் சிறுத்தையை 1926-ல் அவர் சுட்டதும் அதே ரைபிளால்தான்.

நம் நாட்டிலேயே செய்ததை வாங்கக் கூடாதா என்று கேட்பீர்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ஈஷாப்பூர் தொழிற்சாலை .315 ரைபிளைச் செய்தது. பட்டாளத்துத் தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்பது சர்க்கார் விதி. அதனால் பிரசித்தமான .303 கிடையாது, அதற்குப் பதில் .315. அதன் குண்டு ஏறக்குறைய 16 கிராம். சுளையாக இரண்டு பவுன். கனமான குண்டு மெதுவாகப் போகும், தூரம் போகப் போகத் தாழும். காட்டுக்குள் பக்கத்தில் நிற்கும் பன்றிக்கு அது போதும். எதிர்ப் பாறையில் நிற்கும் வரையாட்டுக்கு ஏற்றதல்ல.

அம்மாள் என் கணக்கையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக் கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய் ஓர் ஆல்பத்தை எடுத்து வந்தார்.

ஓரத்தில் ஒரு முழங்கை

"இந்தக் கணக்கை அவரும் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுவார் தம்பி. ஏழு பவுண்டு, ஏழு பவுண்டுன்னு. நான் ஒண்ணு கேக்குறேன். மீதி எடையை யார் தூக்கினது?"

நான் விழித்தேன்.

"நாலு நாள் வேட்டைன்னா அரிசி, பருப்பு, பாத்திரம், கம்பளி, தண்ணி. அத்தனையும் பளியருங்கதான் சுமப்பாங்க. ஆடு எங்கே மேயுதுன்னு சொல்றதும் அவங்கதான். வரையாடு கீழேயே பார்த்துக் காவல் காக்குமாம். அதனாலே விடியறதுக்கு முன்னாடி இவரைச் சுத்தி வளைச்சு ஆட்டுக்கு மேலே கொண்டு போய் நிறுத்துறதும் அவங்கதான். இவர் டுமீல்னு ஒரு தடவை சுடுவார். அப்புறம்?"

அப்புறம் என்ன என்பது எனக்கும் உறைக்க ஆரம்பித்தது. வளர்ந்த வரையாட்டுக் கிடாயின் எடை 100 கிலோ வரை போகும். வயதான கிடாயின் முதுகில் சேணம் போட்டாற்போல ஒரு வெள்ளித் திட்டு விழும். அந்தக் கிடாயைத்தான் சுட வேண்டும், பெட்டையைச் சுடக்கூடாது என்பது நல்ல வேட்டைக்காரர்களின் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் இருப்பதிலேயே கனமானது அதுதானே! அதைப் பாறையிலிருந்து அடிவாரம் வரைக்கும் இறக்கியது யார்?

ஆல்பத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கையில் துப்பாக்கியோடு இளவயது மனிதர். முகத்தில் வெற்றிச் சிரிப்பு. காலடியில் கிடாய். படத்தின் இடது ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் தெரிந்தது. முழங்கைக்குக் கீழே மணிக்கட்டில் ஒரு காப்பு. அந்தக் கைக்கு உரியவர் படத்துக்குள் வரவில்லை.

"வீட்டிலே நானும் சுமந்தேன்" என்று தொடர்ந்தார் அம்மாள். "நாலு ராத்திரி வாசலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பேன். வந்ததும் உப்புக்கண்டம் போடணும். துப்பாக்கிக் குழலை எண்ணெய் போட்டுத் துடைக்கணும். மழைக் காலத்திலே துரு ஏறிடும். ஒவ்வொரு எலெக்ஷனுக்கும் துப்பாக்கியை ஸ்டேஷன்லே ஒப்படைச்சு ரசீது வாங்கணும். கடைசிப் பத்து வருஷம் அவருக்கு முடியலை. கூட நான்தான் தூக்கிக்கிட்டுப் போவேன். ஏழு பவுண்டு எவ்வளவுன்னு எனக்கு நல்லாத் தெரியும்!"

1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை நின்றது. அவர் மனம் மாறித்தானே நிறுத்தியிருப்பார் என்று நான் ஆசையோடு கேட்டேன். இப்படி ஒரு முடிவு இருந்தால் கட்டுரைக்கு அழகாக இருக்குமே!

"மனசாவது மாறறதாவது! சட்டம் வந்தது, நிறுத்தினார். ஆறு மாசம் யார்கிட்டயும் சரியாப் பேசலை" என்று அம்மாள் என் ஆசையில் மண்ணைப் போட்டார்.

அவர் மனம் மாறவில்லை என்றாலும், சட்டம் மாறியது நல்லதாயிற்று. வரையாடு மேற்குத் தொடர்ச்சி மலையில், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி. நீலகிரியில் வேட்டைப் பிராணிகள் அருகி வருவதைக் கண்டு வெள்ளைக்கார வேட்டைக்காரர்களே 1877-ல் ஒரு சங்கம் வைத்தார்கள். 1879-ல் அந்த மலைக்கென்று ஒரு சட்டமும் வந்தது. இன்றைய சட்டத்தில் வரையாடு முதல் அட்டவணையில் இருக்கிறது. வேட்டையாடினால் மூன்று வருஷம் முதல் ஏழு வருஷம் வரை சிறை. 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். தமிழ்நாடு சர்க்கார் 2023-ல் வரையாட்டுக்கென்றே ஒரு தனித் திட்டம் தொடங்கியது. 2024 கணக்கெடுப்பில் நம் மாநிலத்தில் 1,031 வரையாடுகள் இருந்தன; 2025-ல் 1,303. வரையாட்டைப் பற்றி 1975-ல் ஆரம்ப கால ஆய்வு ஒன்றைச் செய்த இ.ஆர்.சி. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7 வரையாடு தினமாகக் கொண்டாடப்படுகிறது.

பேரனுக்கு ஒரு பரீட்சை

கணவர் காலமானதும் அம்மாள் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டார். உங்கள் உறவில் எவர் வீட்டிலாவது தாத்தா காலத்துத் துப்பாக்கி இருந்தால் இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ்காரர் காலமானால் துப்பாக்கியைத் தாமதிக்காமல் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு விரும்பினால் தம் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு மனுப் போடலாம். வேண்டாம் என்றால் லைசென்ஸ் உள்ள ஒருவருக்கு விற்றுவிடலாம். ஞாபகார்த்தம் என்று பரணில் போட்டு வைப்பது குற்றம்.

பெங்களூரில் வேலை பார்க்கும் பேரன் அதைக் கேட்டானாம்.

"எதுக்குடான்னேன். தாத்தா ஞாபகமாச் சுவத்திலே மாட்டப் போறேன் பாட்டின்னான். சரி, ஏழு பவுண்டு அரிசியைப் பையிலே போட்டுத் தர்றேன். சதுரகிரி ஏறிச் சாமிக்குக் கொடுத்துட்டு வா, அப்புறம் பேசலாம்னேன். ஏழு பவுண்டுதானேன்னு சிரிச்சான்."

"ஏறினாரா?"

"ஏறினான். வந்ததும் கேட்டேன், பை எப்படிடா இருந்ததுன்னு. பாதி வழியிலே ஒருத்தருக்குக் காசு கொடுத்துத் தூக்கச் சொல்லிட்டேன் பாட்டின்னான். அடப் பாவி, நீ அப்படியே உங்க தாத்தா பேரன்தான்டான்னேன்!"

அம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கி, கொக்கிகளைச் சற்று நேரம் பார்த்துக் கொண்டிருந்தார். "விக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டேன் தம்பி. அறுபது வருஷம் துடைச்சது. கஷ்டமாத்தான் இருந்தது" என்றார்.

துப்பாக்கியோடு துரையிடம் வாங்கிய பைனாகுலர் மட்டும் வீட்டில் இருந்தது. அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. எடை ஒரு கிலோகூட இல்லை. "நாளைக்கு இதுக்கு ஒரு வேலை இருக்கு. செண்பகத்தோப்பு வரைக்கும் கூட வர்றீங்களா?" என்று கேட்டார்.

செண்பகத்தோப்பில்

மறுநாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். ஆண்டாள் கோயில் கோபுரத்துக்கு ஒரு கும்பிடு. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவில் கால் கிலோ. பிறகு மேற்கே திரும்பி மலையடிவாரம். ஆட்டோவில் அம்மாள் மடியில் பைனாகுலரும் ஒரு காகித உறையும் இருந்தன.

இந்தக் காடு 1988-ல் சாம்பல் நிற மலை அணிலுக்காகச் சரணாலயம் ஆயிற்று. 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆகிவிட்டது. அடிவாரத்தில் பளியர் குடியிருப்பு இருக்கிறது. அங்கே காக்கி உடையில் ஒருவர் எங்களுக்காகக் காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். வேட்டைத் தடுப்புக் காவலர். ஒரு காலத்தில் வேட்டைக்கு வழி காட்டிய குடும்பத்துப் பிள்ளை, இன்று வேட்டைக்காரர் வராமல் அதே வழிகளைக் காக்கிறார்.

அவர் மரத்தின் உச்சியைக் காட்டினார். கிளைகள் ஒன்றோடொன்று கோத்த இடத்தில் சுள்ளியும் இலையுமாக ஒரு கூடு. அதன் பக்கத்தில், உடம்பைவிட நீண்ட வாலைத் தொங்கவிட்டு, தாத்தாவின் தலைமுடி போன்ற நிறத்தில் ஓர் அணில் எங்களைக் கண்டுகொள்ளாமல் காயைக் கடித்துக் கொண்டிருந்தது. தரையில் இறங்க விரும்பாத பிராணி. கிளை விட்டுக் கிளை போக, மரங்கள் நெருங்கி நிற்க வேண்டும். காடு நடுவில் வெட்டுப்பட்டால் அதற்கு வழியே இல்லை.

அம்மாள் பைனாகுலரில் அணிலைப் பார்த்தார். பிறகு மேலே பாறைகளைப் பார்த்தார். வரையாடு ஒன்றும் தென்படவில்லை. பைனாகுலரைக் கழற்றி அந்தக் காவலரிடம் நீட்டினார்.

"இது உனக்குத்தான்ப்பா."

அவர் தயங்கினார். அம்மாள் உறையையும் பிரித்துக் கொடுத்தார். நான் முந்தைய நாள் பார்த்த அதே கறுப்பு வெள்ளைப் படம்! அவர் வெயிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, நடுவில் நின்றவரைப் பார்க்காமல், ஓரத்தையே பார்த்தார்.

"எங்கப்பா காப்பும்மா இது" என்றார்.

"தெரியும்ப்பா. முகம் இருக்கிற படம் ஒண்ணாவது இருக்கான்னு ஆல்பம் முழுக்கத் தேடினேன். இல்லை. நாங்க எடுக்கலை" என்றார் அம்மாள்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அணில் கடித்துப் போட்ட தோல் ஒன்று சருகின் மேல் விழுந்தது. காவலர் படத்தைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, பைனாகுலரின் வாரைக் கழுத்தில் மாட்டிக் கொண்டார்.

"கனமா இருக்கா?" என்று கேட்டார் அம்மாள்.

"லேசாத்தாம்மா இருக்கு" என்றார் அவர்.

சாயங்காலம் மதுரை பஸ்ஸுக்காகக் கிருஷ்ணன்கோவிலில் நின்றபோது சதுரகிரிக்குப் போனவர்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். குத்துவிளக்கு அம்மாளையும் பார்த்தேன். விளக்கு கணவரின் தோளில் இருந்தது. அவர் என்னைப் பார்த்துப் பேசாமல் தலையை ஆட்டினார்.

நீங்களும் என்றாவது சதுரகிரிக்குப் புறப்படுவீர்கள். புறப்படுமுன் பையை எடை போட்டுப் பாருங்கள். அது யார் தோளில் ஏறப் போகிறது என்பதையும் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.